தெரியுதா, நாயகி?

திருப்போரூர் ரிஜிஸ்தர் ஆபீஸ் எதிரில் இருபத்திரண்டு வருஷம் முத்திரைத்தாள் விற்றவன் நான். பெயர் பன்னீர்செல்வம். ஒருவர் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதே, நிலம் விற்க வருகிறாரா வாங்க வருகிறாரா என்று சொல்லிவிடுவேன். நடையைப் பார்த்தாலே போதும். என்னை ஏமாற்ற முடியாது என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. அந்தத் திமிரோடு இருந்த எனக்கு, பக்கத்துக் கொட்டகையில் பதினாறு வருஷம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு எவ்வளவு கண் தெரிகிறது என்பது கடைசிவரை தெரியாமல் போயிற்று.

அவள் பெயர் தெய்வநாயகி. நாங்கள் நாயகி என்போம். திருப்போரூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பம். மூன்றாம் வகுப்பில் போர்டு தெரியவில்லை என்று முன்பெஞ்சில் உட்கார வைத்தார்களாம். எட்டாம் வகுப்பில் முன்பெஞ்சும் போதவில்லை. அப்போதிலிருந்து சோடாபுட்டிக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள் இரண்டும் சின்னதாக, எங்கோ தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும்.

பெண் பார்க்க மூன்று இடத்திலிருந்து வந்தார்கள். மூன்றாவது தடவை அவள் அம்மா கண்ணாடியைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள். நாயகி காபித் தட்டை எடுத்துப்போய், மாப்பிள்ளை என்று நினைத்து மாப்பிள்ளையின் மாமனைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்திருக்கிறாள். அதோடு சரி, நாலாவது இடம் வரவில்லை. இதை அவளே சொல்லிச் சிரிப்பாள். நாங்களும் சிரிப்போம். தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள அவளுக்கு வீட்டிலேயே பழக்கியிருக்கிறார்கள் என்பது எங்களில் ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை.

செங்கல்பட்டுக்கு பஸ்ஸில் போய் டைப்ரைட்டிங் படித்து, தமிழ் ஹையர் பாஸ் பண்ணினாள். தொண்ணூற்றிரண்டில் என் பக்கத்துக் கொட்டகைப் பத்திர எழுத்தர் தனகோடியிடம் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தக் காலத்தில் வேலை எப்படி நடக்கும் என்றால், தனகோடி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே மூலப்பத்திரத்தை வாய்விட்டுப் படிப்பார். நாயகி தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் ரோட்டைப் பார்த்தபடி அடிப்பாள். காது கேட்கும், விரல் ஓடும். கண்ணுக்கு அங்கே வேலையே கிடையாது. நாலு பக்கக் கிரயப் பத்திரத்தில் ஒரு எழுத்து பிசகாது. ஒற்று விட்டுப்போனால்கூட, "அண்ணே, ஒரு 'க்' வரணுமே" என்று தனகோடியையே திருத்துவாள். தனகோடி அவளைவிட ஆறேழு வயது மூத்தவர். எங்கள் இருவரையும் அவள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

பிறகு ஓ.எம்.ஆர். பக்கம் பெரிய கட்டடங்கள் முளைத்தன. வயலெல்லாம் மனைக்கட்டு ஆயிற்று. ஒரு நாளைக்கு மூன்று பத்திரம் எழுதிக்கொண்டிருந்த தனகோடிக்கு முப்பது பத்திரம் வந்தது. வாய்விட்டுப் படிக்க யாருக்கு நேரம்? கம்ப்யூட்டர் வாங்கினார். பழைய பத்திரத்தைத் திறந்து ஆள் பெயர், சர்வே நம்பர், நான்கெல்லை மூன்றையும் மாற்றினால் புதுப் பத்திரம். "ஒடம்பு அதேதாம்மா, தலைய மட்டும் மாத்து" என்பார் தனகோடி. காதும் விரலும் பார்த்த வேலை ஒரே நாளில் கண்ணுக்குப் போய்விட்டது.

அதையும் சமாளித்தாள். டப்பா மானிட்டரில் எழுத்தைப் பெரிதாக்கி, மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே உட்கார்ந்து அடித்தாள். சாயங்காலம் அவள் கண் ரத்தமாகச் சிவந்திருக்கும். பெரியாஸ்பத்திரியில் காட்டினாள். விழித்திரை மெலிந்துகொண்டே போகிறது, இனிமேல் கண்ணாடி மாற்றிப் பிரயோஜனம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இதை அவள் என்னிடம் மட்டும்தான் சொன்னாள். தனகோடியிடம் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். நானும் சொல்லவில்லை.

இரண்டாயிரத்தெட்டில் கரண்ட் கட் ஆரம்பித்தது. ராகுகாலம், எமகண்டம் பார்த்தது போக, மின்வெட்டு நேரமும் பார்த்துத்தான் பத்திரம் எழுத வேண்டும் என்று ஆயிற்று. மூலைக் கடை ஜெராக்ஸ்காரரிடம் ஜெனரேட்டர் இருந்தது. பென் டிரைவில் கொண்டுபோனால் பிரிண்ட் எடுத்துத் தருவார். ஆனால் அடிப்பது எதில்? தனகோடி ஒரு நாள் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அவங்கவங்க ஒரு லேப்டாப்பு வாங்கிக்கோங்க. பேட்டரியில ஓடும். பார்ட்டிய நான் கரண்ட்டுக்கோசரம் உக்கார வச்சிகினு இருக்க முடியாது." அவரைத் தப்பு சொல்ல முடியாது. பார்ட்டி காத்திருக்க மாட்டான்; வேறு கொட்டகைக்குப் போய்விடுவான்.

நாயகி என் கடைக்கு வந்தாள். "அண்ணே, எனக்கு ஏத்த மாதிரி வெல கம்மியா ஒன்னு பாக்கணும். நீங்க கூட வரணும்."

"கண்ண இவ்ளோ கெடுத்துக்கினு இன்னும் இது எதுக்கும்மா? தம்பி வூட்லதானே கீறே, பேசாம இரேன்."

"வேலைக்குப் போறவளா தம்பி வூட்ல சாப்புடறது வேறண்ணே. சும்மா குந்திகினு சாப்புடறது வேற. எனக்கு ரெண்டாவது வேணாம்."

அவளோடு போனேன்.

முதலில் மாமல்லபுரம். எனக்குத் தெரிந்த ஹரிஹரன் என்பவர் கடற்கரைத் தெருவில் விடுதி வைத்திருந்தார். வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது, வேண்டுமானால் பார்க்கலாம் என்றார். கறுப்பாக, செங்கல் கனத்தில் இருந்தது. மங்கலான பெரிய திரை. நாயகி தன் பென் டிரைவைச் சொருகி, தமிழ் எழுத்தை ஏற்றி, ஒரு பத்திரத்தைத் திறந்தாள். திரைமேல் குனிந்து வரி வரியாகப் பார்த்தாள்.

"அண்ணே, மூணு சுழி 'ண'வும் ரெண்டு சுழி 'ன'வும் தனித்தனியா தெரியுதுண்ணே. இதுல பளபளப்பே இல்ல. நம்ம டப்பா மானிட்டர்ல என் மூஞ்சிதான் தெரியுது. இதுல எழுத்து தெரியுது."

அவள் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் ஹரிஹரன் ஒயரைப் பிடுங்கிக் காட்டியதும் திரை அணைந்துவிட்டது. பேட்டரி செத்துப்போயிருந்தது.

"புது பேட்டரி வாங்கிப் போட முடியாதாண்ணே?"

"எங்க, கடல்ல வலை போட்டா கெடைக்குமா? பேட்டரிக்கோசரம்தான் லேப்டாப்பே வாங்கறோம். ஓடாத வண்டிய தலைமேல தூக்கிகினு போவியா நீ? புச்சா வாங்கும்மா."

மெட்ராஸில் யாரையாவது விசாரித்திருக்கலாம். ஒரு போன் பண்ணியிருக்கலாம். எனக்கு அன்று சோம்பேறித்தனம். அவள் அந்தத் திரையை மெதுவாக மூடிவைத்துவிட்டு எழுந்தாள்.

அடுத்த வாரம் செங்கல்பட்டு. பெரிய ரோட்டில் ஏ.சி. போட்ட கடை. அவள் சீட்டு எடுத்த பணத்தோடு வந்திருந்தாள். எனக்கு இரண்டரை மணிக்கு ஒரு பார்ட்டி வருவதாக இருந்ததால் நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விற்பனையாளர் ஒருவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். பெரிய திரை இருந்ததெல்லாம் கைக்கு எட்டவில்லை. எட்டியது ஒன்றே ஒன்று; ஸ்லேட்டு அளவில் குட்டி லேப்டாப். பேட்டரி மூன்று மணி நேரம் நிற்குமாம்.

"ஸ்க்ரீன் ரொம்ப ஷார்ப் சார். எழுத்து பொடிப்பொடியா, அழகா இருக்கும்" என்றார் அவர்.

நாயகி பென் டிரைவை நீட்டினாள். "இதுல தமிழ் எழுத்து கீதுங்க. போட்டுப் பாக்கலாமா?"

"வைரஸ் வந்துடும் மேடம். கடை மிஷின்ல வெளிய இருந்து எதுவும் போடக் கூடாது."

அவள் திரும்பி அந்தக் குட்டித் திரைமேல் குனிந்தாள். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தாள். மேலே இருந்த டியூப்லைட் அதில் பளிச்சென்று விழுந்திருந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. கடை முழுவதும் கேட்கிற மாதிரி நான் சொன்னேன்: "யோவ், இந்தப் பொண்ணுக்கு கண்ணு சரியா தெரியாதுய்யா. கண்ணு தெரியாதவங்களுக்கு ஏத்த மாதிரி எதுனா கீதா உங்கிட்ட? இருந்தா காட்டு, இல்லன்னா நாங்க கெளம்பறோம்."

நான் நல்லதுக்குத்தான் சொன்னேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். கடையில் இருந்த ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். காலேஜ் பெண்கள் இரண்டு பேர் அவள் கண்ணாடியைப் பார்த்து ஏதோ குசுகுசுத்தார்கள். விற்பனையாளர் குரலைத் தணித்து, சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோல, "தெரியுதா மேடம்?" என்றார்.

"தெரியுதா, நாயகி?" என்றேன் நானும்.

நாயகி நிமிர்ந்து உட்கார்ந்து, தெளிவாக, ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தாள். "மை டாக்குமெண்ட்ஸ். மை கம்ப்யூட்டர். ரீசைக்கிள் பின்."

மூன்றும் சரி. "அப்புறம் இன்னாம்மா? இதான் தெரியுதே, எடு, போலாம்" என்றேன். இரண்டரை மணிப் பார்ட்டியைப் பிடித்துவிட்டேன்.

அந்த லேப்டாப் வந்த நாளிலிருந்து அவள் பட்ட பாட்டை நான் தினமும் பார்த்தேன். கொட்டகை ரோட்டைப் பார்த்தது. வெளிச்சம் முழுவதும் அந்தப் பளபளத் திரையில்தான் விழும். அதனால் முந்தானையை எடுத்துத் தலைக்கும் லேப்டாப்புக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு, ஆவி பிடிக்கிற மாதிரி உள்ளே குனிந்து வேலை செய்தாள். "இன்னா நாயகி, ஜலதோஷம் இன்னும் போவலியா?" என்று நான் கிண்டல் பண்ணுவேன். முந்தானைக்குள் இருந்து சிரிப்புச் சத்தம் வரும்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. அவளுக்குத் தெரிகிற அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் அந்தச் சின்னத் திரையில் பாதி வரிதான் நிற்கும். மீதிப் பாதியைப் பார்க்க வலது பக்கம் தள்ள வேண்டும், பிறகு இடது பக்கம் இழுக்க வேண்டும். ஒரு வரியை அவளால் ஒருபோதும் முழுசாகப் பார்க்க முடியவில்லை.

தை மாதம், முகூர்த்த நாள், வெள்ளிக்கிழமை. உலகநாதன் என்று ஒருவர், பக்கத்துக் கிராமத்து விவசாயி, தன் மனைவி சின்னப்பொண்ணுவின் பேரில் இருந்த நிலத்தை விற்க வந்தார். நாயகி பழைய பத்திரம் ஒன்றைத் திறந்தாள். கோவளத்தில் ஏசுபாதம் என்ற மீனவர் இறந்துபோய், அவர் மனைவி மனை விற்ற பத்திரம் அது. 'காலஞ்சென்ற ஏசுபாதம் அவர்களின் மனைவி' என்று இருந்தது. வலது பாதியில் ஏசுபாதத்தை எடுத்துவிட்டு உலகநாதன் என்று போட்டாள். 'காலஞ்சென்ற' என்ற சொல் இடது பாதியில், திரைக்கு வெளியே நின்றுவிட்டது.

தனகோடிக்கு அன்று பதிவுக்கு ஏழு டோக்கன். சர்வே நம்பரையும் நான்கெல்லையையும் மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்றார். பெயர் வரியை யார் படிக்கிறார்கள்? என்னிடம் வாங்கிய தாளில்தான் பிரிண்ட் எடுத்தார்கள். சின்னப்பொண்ணு கைநாட்டு வைத்தாள். உலகநாதன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

உள்ளே அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரர் எப்பம்மா இறந்தார்?" என்று கேட்டிருக்கிறார்.

"இன்னா சார் சொல்ற? நான்தான் சார் அது. குத்துக்கல்லாட்டம் எதிர்ல நிக்கிறேனே" என்று உலகநாதன் சிரித்திருக்கிறார். வரிசையில் நின்றவர்களும் சிரித்திருக்கிறார்கள்.

சின்னப்பொண்ணு சிரிக்கவில்லை. தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். நேராகக் கொட்டகைக்குள் போய் நாயகியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "முழுசா கீற என் புருசன எழுத்துல சாவடிச்சிட்டியேடி! அதுல என் கையாலயே நாட்டு வைக்க வச்சிட்டியே! வெள்ளிக்கெயமயும் அதுவுமா... உனுக்கு இன்னா தெரியும், ஒருத்தன் தாலி கட்டியிருந்தாதானே தெரியும்?"

உலகநாதன் வந்து மனைவியை இழுத்துப்போனார். "வுடு, அந்தம்மாவுக்கு கண்ணு தெரியலபோல" என்றார். அவர் சமாதானத்துக்குத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வார்த்தை அன்று மாலைக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. புதுத் தாள் வாங்கி, வேறு கொட்டகையில் அடித்து, அவர்கள் பதிவு முடித்துப்போனார்கள். நாயகி கலைந்த முந்தானையைச் சரிசெய்துகொண்டு, லேப்டாப்பை மூடி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தனகோடி அவளைப் போகச் சொல்லவில்லை. பத்திரம் மட்டும் அவள் கைக்கு வரவில்லை. டோக்கன் வாங்கிவரச் சொன்னார். பலகையில் மாட்டிய நம்பர் தெரியாமல் தவறவிட்டாள். பார்ட்டிகளுக்கு டீ வாங்கிவரச் சொன்னார்; பதினாறு வருஷம் பத்திரம் அடித்தவள் டீ வாங்கப் போனாள். இரண்டு மாதம் அப்படி ஓடியது. பங்குனியில் ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

அவள் கொட்டகையிலேயே விட்டுப்போயிருந்த அந்த லேப்டாப்பை நான் எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுக் கடைக்குப் போனேன். விற்றது விற்றதுதான் என்றார்கள். "அவங்கதான சார் எல்லாம் படிச்சுக் காட்டினாங்க?" என்றார் அந்த விற்பனையாளர். எனக்கும் அதே கோபம்தான் இருந்தது. கடையில் நன்றாகப் படித்தாளே, இப்போது என்ன வந்தது, கவனக்குறைவுதானே என்று மனசுக்குள் அவளைத் திட்டினேன். அந்தக் கோபத்தில் ஒரு வருஷத்துக்குமேல் அவள் வீட்டுப் பக்கமே போகவில்லை.

இரண்டாயிரத்துப் பத்தில் ஒரு வேலையாக மாமல்லபுரம் போயிருந்தேன். ஹரிஹரன் விடுதியில் அந்தக் கறுப்பு லேப்டாப் இன்னும் இருந்தது. வரவேற்பு மேஜையில் நோட்டுப் புத்தகங்களுக்கு அடியில் கிடந்தது. 'இதுல எழுத்து தெரியுது' என்று அவள் சொன்ன குரல் ஞாபகம் வந்தது. கேட்டேன். "எடுத்துக்கினு போ அண்ணாத்த, ஒயர் கொடுத்தா ஓடும்" என்றார். துடைத்து, பையில் போட்டுக்கொண்டு நேராக நாயகி வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் முடியாவிட்டால் வீட்டில் இருந்தபடியே அடிக்கட்டும், பிரிண்ட் எடுப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன்.

நாயகி கூடத்தில் உட்கார்ந்து, முறத்தில் விரலால் தடவித் தடவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். என் குரல் கேட்டதும்தான் நான் என்று தெரிந்துகொண்டாள்.

"வாங்கண்ணே! இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"உனுக்கு ஒன்னு கொண்டாந்திருக்கேன். மல்லபுரத்துல பாத்தியே, அந்தப் பழைய மிஷினு. நீ நல்லா தெரியுதுன்னு சொன்னியே, அது."

அவள் முகம் மலர்ந்தது. முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தாள். நான் லேப்டாப்பை அவள் மடியில் வைத்துத் திறந்தேன். அவள் ஓரங்களைத் தடவிப் பார்த்தாள். விரல்கள் தாமாகவே எழுத்துகளின் மேல் போய் உட்கார்ந்துகொண்டன. நான் ஒயரைப் பிரித்தபடி பிளக் எங்கே இருக்கிறது என்று சுவரைப் பார்த்துக்கொண்டே, சும்மா வாய்ப் பழக்கத்தில் கேட்டேன்.

"தெரியுதா, நாயகி?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தெரியுதுண்ணே. மை டாக்குமெண்ட்ஸ். மை கம்ப்யூட்டர். ரீசைக்கிள் பின்."

ஒயர் என் கையில் இருந்தது. திரை கறுப்பாக இருந்தது.

செங்கல்பட்டுக் கடையிலும் அவள் இப்படித்தான் படித்திருக்கிறாள். கொட்டகைக் கம்ப்யூட்டரில் மனப்பாடமாகிப்போன மூன்று பெயர்கள். அத்தனை பேர் நடுவில் நான் அவள் மானத்தை வாங்கிய பிறகு, வேறு எதைத்தான் சொல்லியிருப்பாள்? அவளைக் குற்றம் சொல்லிக்கொண்டு ஒன்றரை வருஷம் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "ஏண்ணே, தப்பா படிச்சிட்டேனா?"

"இல்லம்மா" என்றேன். "சரியாத்தான் படிச்சே."